வெயிலில் வேலை, சிறுநீரகத்தில் நோய்: உங்கள் ஊரில் என்ன பார்க்கிறீர்கள்?

அளத்துக்காரி:

வணக்கம். எங்களுடையது வேதாரண்யம் பக்கம் அளத்தில் பாத்தி மிதித்து, உப்பு வாரிப் பிழைக்கும் குடும்பம். அம்மா இன்னும் வேலைக்குப் போகிறார். பருவநிலை மாற்றம் என்றால் பனிமலை உருகுவதையும் கடல் மட்டம் ஏறுவதையும்தான் எல்லோரும் பேசுகிறோம். அது உண்மைதான், ஆனால் வெயிலில் நின்று உழைக்கிறவர்களின் உடம்புக்குள் இப்போதே என்ன நடக்கிறது என்று யாராவது உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இழை.

என் சித்தப்பாவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, குடி இல்லை. கால் வீங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் மிகக் கூடி நாலுக்கு மேல் வந்தது. டாக்டர் முதலில் கேட்டது வலி மாத்திரை போடுவீர்களா என்று. அடுத்துக் கேட்டது என்ன வேலை என்று.

அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவுக்கு மேலான வெப்பத்தில் வேலை செய்கிறார்கள். ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. வேலைக்கு வரும் அளவுக்குத் திடமாக இருக்கிறவர்களிடம் எடுத்த கணக்கு இது. படுத்துவிட்டவர்கள் இதில் வரவே மாட்டார்கள்.

உங்கள் ஊரில் எப்படி? செங்கல் சூளை, கரும்பு வெட்டு, ரோடு வேலை, கட்டட வேலை, எதுவானாலும் எழுதுங்கள்.

வார்டுசெவிலி:

நல்ல இழை தொடங்கியிருக்கிறீர்கள் தங்கச்சி. நான் கொங்குப் பக்கம் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். 2024 ஏப்ரல் கடைசியில் ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் 42 டிகிரியைத் தாண்டிக் காய்ந்ததே, அந்த நாட்களில் எங்கள் வார்டுக்கு வந்தவர்களில் "வெயில் தாக்கியது" என்று சொல்லிக்கொண்டு வந்தவர் மிகக் குறைவு. மயக்கம், வாந்தி, கெண்டைக்கால் பிடிப்பு, நெஞ்சு படபடப்பு, சிறுநீர் கறுத்துப் போகிறது, இப்படித்தான் வருவார்கள். கேஸ் ஷீட்டிலும் அப்படித்தான் ஏறும்.

உடம்புக்குள் நடப்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். சூட்டை வெளியேற்ற உடம்பு செய்வது இரண்டு. இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, வியர்க்க வைக்கிறது. தோலுக்கு அதிகமாகப் போகும் இரத்தம் எங்கிருந்து வரும்? குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போக வேண்டியதுதான் அங்கே திருப்பிவிடப்படுகிறது. வியர்வையாக நீர் போகப் போக இரத்தத்தின் அளவும் குறைகிறது, இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. ஏற்கெனவே இதய நோய் இருக்கிறவர் இந்த இடத்தில்தான் விழுகிறார். வெயில் நாட்களில் மாரடைப்பு கூடுவது இப்படித்தான், ஆனால் இறப்புச் சான்றிதழில் இதயம் நின்றது என்று மட்டும்தான் இருக்கும்.

சிறுநீரகம் ஒரு நாள் வறண்டால் மறுநாள் தேறிவிடும். தினமும் வறண்டால், வருடக்கணக்கில் வறண்டால் தழும்பு விழுந்துவிடும், அந்தத் தழும்பு ஆறாது. கூடவே கடும் உழைப்பில் தசை சிதைந்து வெளியேறும் கழிவையும் அதுதான் வடிகட்ட வேண்டும். அப்புறம் சாயங்காலம் உடம்பு வலி என்று டைக்ளோஃபெனாக் போடுவார்கள். வறண்டுபோன நேரத்தில் சிறுநீரகத்துக்கு வரும் கொஞ்சநஞ்ச இரத்தத்தையும் அந்த வகை மாத்திரைகள் குறைத்துவிடும். உங்கள் சித்தப்பாவிடம் டாக்டர் அதை முதலில் கேட்டதற்குக் காரணம் இதுதான். மளிகைக் கடையில் மிட்டாய் மாதிரி கொடுக்கிறார்கள், எத்தனை முறை சொன்னாலும் நிறுத்த முடியவில்லை.

காங்கேயத்தான்:

நான் விவசாயி. நோயை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் பருவநிலை மாற்றம் என்பதை ஏற்க முடியவில்லை. கத்திரி வெயில் நேற்று வந்ததா? எங்கள் அப்பாவும் தாத்தாவும் மே மாதத்தில் ஏர் ஓட்டினவர்கள்தான். அவர்களுக்குச் சிறுநீரகம் போகவில்லையே. அவர்கள் கம்பங்கூழ் குடித்தார்கள், மர நிழல் இருந்தது. சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாற்றிக்கொண்டு பழியை வானத்தின் மேல் போடுவது சரியா?

மேகம்பார்ப்பவன்:

காங்கேயம் அண்ணா, நியாயமான கேள்வி. பொழுதுபோக்காக வானிலைத் தரவு பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது என்பது நம் புவி அறிவியல் அமைச்சகத்தின் சொந்த அறிக்கை. உலக அளவில் 2024தான் இதுவரை பதிவான வெப்பமான ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி கூடுதல். முக்கால் டிகிரியில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். சராசரி கொஞ்சம் நகர்ந்தாலே கடுமையான நாட்களின் எண்ணிக்கை பல மடங்காகிறது. முன்பு கத்திரியோடு முடிந்தது இப்போது மார்ச்சில் தொடங்கிவிடுகிறது. தாத்தா காலத்தில் வெயில் இருந்தது, இடையில் தேறிக்கொள்ள நாட்களும் இருந்தன.

இன்னொன்று இரவு. பகலில் ஏறிய சூட்டை உடம்பு இரவில்தான் இறக்கும். நகரத்தில் சிமென்ட்டும் தாரும் இரவு முழுக்கச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுக்கிறவருக்கு நடுராத்திரியிலும் வியர்வை நிற்பதில்லை. அதே உடம்போடு காலையில் மறுபடி வேலைக்குப் போகிறார்.

அடுத்தது ஈரப்பதம். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள், நினைவிருக்கிறதா? கத்திரி முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. தெர்மாமீட்டரில் 40 இல்லை, 35-ஐ ஒட்டித்தான். ஆனால் கடலோர ஈரக்காற்று, நேர் வெயில், கூட்டம், தண்ணீர் கிடைக்காத நிலை. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழிந்து கீழே சொட்டுமே தவிர சூட்டை எடுத்துக்கொண்டு போகாது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளப்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறார்கள். அது 35-ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனும் தாங்க முடியாது என்று நீண்ட நாட்களாகச் சொல்லி வந்தார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஒன்றில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது ஈரமான சூழலில் 31-ஐ ஒட்டியே உடம்பு சூட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போனது. லேசான அசைவிலேயே இப்படி. மூட்டை தூக்குகிறவருக்கும் வயதானவருக்கும் இன்னும் கீழே.

நம் வானிலைத் துறையின் வெப்ப அலை வரையறை சமவெளியில் 40, கடற்கரையில் 37 என்று காற்றின் வெப்பத்தை வைத்துத் தொடங்குகிறது, இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அதனால் தூத்துக்குடியிலும் நாகையிலும் சென்னையிலும் உடம்பு வேகிற பல நாட்கள் வெப்ப அலை என்ற கணக்குக்குள்ளேயே வருவதில்லை.

தோகாதிரும்பியவர்:

கத்தாரில் கட்டுமான சைட்டில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஊர் திரும்பினவன். மேகம் சொன்ன ஈரக்குமிழ் கணக்கை ஒட்டிய, ஆனால் வேறான ஒரு அளவை அங்கே சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஈரம், நேர் வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் கருவி சைட்டில் இருக்கும். 2021-இல் வந்த விதிப்படி அந்த எண் 32.1-ஐத் தாண்டினால் வெளிவேலை நிற்க வேண்டும். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெளியே வேலை கிடையாது. நம் சென்னையில் 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்த வெயிலில் இதே எண் 32-ஐச் சாதாரணமாகத் தாண்டும். இங்கே அந்தக் கருவியை நான் எந்த சைட்டிலும் பார்க்கவில்லை.

கத்தாரைப் புகழ்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்த விதி வருவதற்கு முன் போன உயிர்கள் ஏராளம். நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019-இல் வந்த ஆய்வு, கத்தாரில் அவர்களின் இதய நோய் இறப்புகள் வெயில் மாதங்களோடு சேர்ந்து ஏறுவதைக் காட்டியது. வாலிபப் பிள்ளைகள். சான்றிதழில் இயற்கை மரணம் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள், வீட்டுக்கு நஷ்டஈடும் கிடையாது. எங்கள் கேம்பில் பக்கத்துக் கட்டிலில் படுத்த நேபாளத் தம்பி ஒருவன் ஊருக்குப் போய் டயாலிசிஸில் இருக்கிறான். ஒப்பந்தம் முடிந்து அனுப்பிவிட்டால் நோய் வந்த நாட்டின் கணக்கில் வராது, பிறந்த நாட்டின் கணக்கில்தான் வரும். நம் ராமநாதபுரத்துப் பையன்களுக்கும் இது பொருந்தும், ஆனால் யாரும் கணக்கெடுத்து நான் பார்க்கவில்லை.

வன்னிமைந்தன்:

வணக்கம் உறவுகளே. நான் வவுனியா. எங்கட பக்கம் இந்த நோயை நீண்ட காலமாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம். 1990களில் வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம்தான் முதலில் வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள். நெல் விவசாயிகள், பெரும்பாலும் ஆண்கள், நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை, சிறுநீரகம் மட்டும் செயலிழந்துபோகும். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்றுதான் பெயரே வைத்தார்கள். வவுனியா, முல்லைத்தீவு வரைக்கும் இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. இங்கே எல்லாவற்றையும் வெப்பத்தின் தலையில் போட ஏலாது. யாழ்ப்பாணமும் வெக்கையான இடம்தான், அங்கேயும் தோட்டக்காரர் வெயிலில்தான் நிற்கிறார்கள், ஆனால் இந்த நோய் வன்னி, வடமத்தி அளவுக்கு அங்கே இல்லை. கிணற்று நீரில் இருக்கிற புளோரைட்டும் கடினத்தன்மையும் சேர்ந்து செய்கிற வேலை என்று பலர் சொல்கிறார்கள், ஊற்று நீர் குடிக்கிற ஆட்களுக்கு நோய் குறைவாக இருப்பது இதற்கு ஒரு ஆதாரம். விவசாய இரசாயனம் என்று இன்னொரு பகுதியினர். 2015-இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடைசெய்ததும் அதனால்தான். வெப்பமும் நீரிழப்பும் மூன்றாவது வாதம். என்ர கணிப்பு, இவை ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. வெக்கை கூடக் கூட அதே கிணற்றுத் தண்ணீரை ஆள் கூடுதலாகக் குடிக்கிறார், அதில் இருக்கிறதும் கூடுதலாக உள்ளே போகிறது.

வார்டுசெவிலி:

வன்னி தம்பி சொல்வது முக்கியம், இதை யாரும் தாண்டிப் போக வேண்டாம். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியும் இப்படித்தான், முந்திரியும் தென்னையும் விளையும் பச்சைப் பசேல் என்ற ஊர்கள், இன்றுவரை காரணம் முடிவாகவில்லை.

வெப்பம்தான் முதன்மைக் காரணம் என்று வலுவாகச் சொல்லக்கூடிய இடம் மத்திய அமெரிக்கா. எல் சால்வடார், நிகராகுவா பசிபிக் கரையில் கரும்பு வெட்டுகிற இளைஞர்கள். அங்கே ஒரு நல்ல சான்று உண்டு: மலைமேல் குளிரான இடத்தில் அதே வகை வேலை செய்கிறவர்களைவிடக் கரையோரச் சூட்டில் வெட்டுகிறவர்களுக்கு நோய் அதிகம். தோட்டங்களில் நிழல் கூடாரம், தண்ணீர், கட்டாய ஓய்வு மூன்றையும் கொண்டுவந்தபோது அறுவடைக் காலத்தில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. எனக்கு இந்தத் துறையில் நம்பிக்கை தரும் தகவல் இது ஒன்றுதான்.

சென்ட்ரிங்முருகன்:

கட்டாய ஓய்வு என்று எழுதியிருக்கிறீர்கள் அக்கா. எங்கள் வேலையில் சதுர அடிக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட். உட்கார்ந்தால் காசு இல்லை. பன்னிரண்டு மணிக்கு கம்பியைத் தொட்டால் கை பொசுங்கும், தொடாமல் இருந்தால் அன்றைக்கு ஸ்லாப் முடியாது, முடியாவிட்டால் கான்கிரீட் வண்டி நின்றுவிடும், அந்த நஷ்டம் மேஸ்திரி தலையில், அவர் எங்கள் தலையில் கட்டுவார். நான் சோம்பேறித்தனத்துக்காகச் சொல்லவில்லை, ஓய்வுக்கும் கூலி என்று எழுதாதவரை யாரும் நிழலுக்குப் போகப்போவதில்லை. பீகார், ஒடிசா பையன்கள் இன்னும் பாவம், ஷெட்டில் தகரக் கூரை, இரவிலும் தூங்க முடியாது, ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையும் நிற்கிறார்கள்.

காங்கேயத்தான்:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். முருகன் சொல்வது கூலிப் பிரச்சினை, ஒப்பந்ததாரர் பிரச்சினை. இதைப் பருவநிலைப் பிரச்சினை என்று சொல்லிவிட்டால் முதலாளி கையை விரித்துவிடுவான், "வானத்தை நான் என்ன செய்ய" என்பான். பேரைச் சரியாக வைத்தால்தான் பிடிக்க வேண்டிய ஆளைப் பிடிக்க முடியும்.

மேகம் தம்பி சொன்ன இரவுச் சூடு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், அது நானே உணர்ந்ததுதான். மாடுகூட இராத்திரியில் மூச்சு வாங்குகிறது.

அளத்துக்காரி:

அண்ணா, நீங்கள் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். ஆனால் இரண்டும் வேறு வேறு இல்லை. முன்பும் கூலி குறைவுதான், கழிப்பறை இல்லைதான், ஓய்வு இல்லைதான். அந்தக் குறைகளோடு ஒரு மனுஷி முப்பது வருடம் வேலை செய்து தப்பிக்க முடிந்தது. சூடு கூடிய பிறகு அதே குறைகளுக்கு உடம்பு கொடுக்கும் விலை கூடிவிட்டது. அதனால் இப்போது முதலாளிக்குப் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

கழிப்பறை என்று ஏன் சொன்னேன் என்றால், இங்கே ஆண்கள் எழுதியதில் அது வரவே இல்லை. அளம் வெட்டவெளி. ஒரு மரம், ஒரு புதர் கிடையாது. ஆண் ஓரமாகப் போய்விடுவான். எங்கள் பெண்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள், வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்வார்கள். தண்ணீர் குடியுங்கள் என்று சுவரொட்டி ஒட்டினால் போதுமா, குடித்தால் எங்கே போவது? நீர்க்கடுப்பு, நீர்த்தாரைத் தொற்று இல்லாத பெண் எங்கள் பக்கம் அரிது. தொற்று மேலே ஏறினால் அதுவும் சிறுநீரகத்தைத்தான் தாக்கும். மாதவிடாய் நாட்களைப் பற்றி எழுதவே மனசு வரவில்லை.

இன்னொன்று, மழை. பருவம் தப்பி மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்து போகும். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது அளமே சேறாகிவிட்டது. வேலை நாட்கள் இப்படிக் குறையக் குறைய, கிடைக்கிற வெயில் நாட்களில் எல்லோரும் உயிரைக் கொடுத்து வாருகிறார்கள். மழைக்காலத்துக்கு அரசு கொடுக்கும் 5,000 ரூபாய் உதவிதான், ஆனால் மூன்று மாதத்துக்குப் போதாது.

திருவண்ணாமலைச்செல்வி:

கரும்பு வெட்டு ஊரிலிருந்து எழுதுகிறேன். கர்ப்பிணிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அளத்துக்காரி அக்கா சொன்ன அதே நிறுவனத்தினர் 2017-இலிருந்து தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். எங்கள் மாவட்டத்துப் பெண்களும் அதில் இருந்தார்கள். வெயிலில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இங்கே ஒரு பெண்ணுக்கு அப்படி ஆனால் பேசுவது என்ன தெரியுமா? கண் பட்டது, எதையோ சாப்பிட்டாள், பாரம் தூக்கினாள், ராசி இல்லாதவள். பழி அவள் மேல்தான். கருவுற்ற பெண்ணை வெயிலில் நிறுத்தியதால் என்று மாமியாரும் சொல்ல மாட்டார், மேஸ்திரியும் சொல்ல மாட்டார். என் அக்காவுக்கு இரண்டு முறை ஆனது. அவள் குற்றம் இல்லை என்று அவளிடம் சொல்வதற்கு அந்த ஆய்வு எனக்கு உதவியது. அதனால்தான் எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

வார்டுசெவிலி:

செல்வி, உங்கள் அக்காவை அடுத்த முறை கருத்தரித்ததும் முதல் மாதமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியச் சொல்லுங்கள், முன்பு இரண்டு முறை கலைந்ததையும் வேலை என்ன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலை விவரத்தை நாங்கள் பல நேரம் கேட்பதே இல்லை, நீங்களாகச் சொல்லிவிடுவது நல்லது.

பாளைபுதியவன்:

கொஞ்சம் தடம் மாறிக் கேட்கிறேன், டெங்குவும் இதில் சேருமா?

மேகம்பார்ப்பவன்:

சேரும். கொசுவின் உடம்புக்குள் வைரஸ் பெருகி, அது கடித்துப் பரப்பும் நிலைக்கு வர ஆகும் நாட்கள், சூடு கூடினால் ஒரு வரம்புவரை குறைகின்றன. கொசு சாவதற்கு முன் அதிகம் பேரைக் கடிக்கும். தமிழ்நாட்டில் 2017-இல் 23,000 பேருக்கு மேல் வந்தது. அதற்கு மழை மட்டும் காரணம் இல்லை, முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போய் ஊரெல்லாம் குடத்திலும் டிரம்மிலும் தண்ணீர் பிடித்து வைத்தார்கள், ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் வீடு. வறட்சியிலும் டெங்கு வரும் என்பது பலருக்குத் தெரியாது. இதைத் தனி இழையாகப் பேசலாம் நண்பரே, இங்கே வெயில் வேலையிலேயே நிற்போம்.

அரசு என்ன செய்ய முடியும் என்பதற்கு அகமதாபாத்தைப் பாருங்கள். 2010 மே மாதத்தில் அங்கே 46.8 டிகிரி போனது. அந்த மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பிறகு கணக்குப் போட்டார்கள். மருத்துவமனைகளில் வெப்பவாதம் என்று எழுதப்பட்டவை அதில் சிறு பங்குதான். மொத்த இறப்பை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் மிச்சம் தெரியவந்தது. 2013-இல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தார்கள், தெற்காசியாவிலேயே முதல் திட்டம். முன்னெச்சரிக்கை, மருத்துவமனைக்குப் பயிற்சி, கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, தண்ணீர்ப் பந்தல், பெரிய செலவு எதுவும் இல்லை. அதற்கப்புறம் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக ஒரு மதிப்பீடு சொல்கிறது.

நம் மாநிலத்தில் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள், இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவு. ஆனால் அந்தப் பணம் கிடைக்க, வெயிலால் இறந்தார் என்று யாராவது எழுதித் தர வேண்டும். செவிலி அக்கா மேலே எழுதியதைப் படித்தால் எங்கே அடைபடும் என்று தெரியும். பாதி வழியில் சிறுநீரகம் போய் ஐந்து வருடம் டயாலிசிஸ் செய்துகொண்டு இறக்கிறவர் இந்த அறிவிப்பிலும் இல்லை.

தோகாதிரும்பியவர்:

இன்சூரன்ஸ் வழியும் ஒன்று இருக்கிறது. குஜராத்தில் சேவா பெண்கள் சங்கம் 2023-இல் தொடங்கியது. வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தொடர்ந்து தாண்டினால், யாரும் விண்ணப்பிக்காமலே உறுப்பினர் கணக்கில் பணம் விழும். வீட்டில் இருக்க அந்தப் பணம் போதுமா என்பது வேறு பேச்சு. முருகன் தம்பி சொன்ன "உட்கார்ந்தால் காசு இல்லை" என்பதற்கு நான் பார்த்தவரை ஓரளவாவது பதில் சொல்வது இதுதான்.

சென்ட்ரிங்முருகன்:

அண்ணா, அது நம் நலவாரியத்தில் சேர்த்தால் நன்றாக இருக்கும், அட்டை ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறது. சங்கத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.

அக்கா, ஒரு அவசரக் கேள்வி. சைட்டில் ஒருவன் சுருண்டு விழுந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? போன வருடம் ஒரு பையன் விழுந்தபோது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், சோடா கொடு, வெங்காயம் முகரவை என்று.

வார்டுசெவிலி:

வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நினைவு தெளிவில்லாதவனுக்கு மூச்சுக்குழலில் போய்விடும். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், வலிப்பு வந்தால், உடம்பு கொதித்தால் அது வெப்பவாதம். வியர்வை நின்றிருக்கும் என்று காத்திருக்காதீர்கள், வேலை செய்துகொண்டே விழுகிறவனுக்கு உடம்பெல்லாம் வியர்வை இருக்கும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் அங்கேயே குளிர்விக்க வேண்டும். நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, கியூரிங்குக்குத் தண்ணீர் அடிக்கிற ஹோஸ் இருக்கும் அல்லவா, வெயிலில் கிடந்த சுடுதண்ணீரை வெளியே விட்டுவிட்டு அதையே உடம்பு முழுக்க அடியுங்கள், அட்டையோ தகடோ வைத்து இருவர் விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. முதல் அரை மணி நேரத்தில் சூட்டை இறக்கினால் பிழைக்கிற வாய்ப்பு மிக அதிகம். பாராசிட்டமால் போடாதீர்கள், இது காய்ச்சல் இல்லை, அது வேலை செய்யாது.

தினசரிக்கு: தாகம் எடுக்கக் காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை ஒரு டம்ளர். ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். உப்புப் போட்ட மோர், பழைய சோற்று நீராகாரம் எல்லாம் நல்லவை, காங்கேயம் அண்ணன் சொன்ன கம்பங்கூழும்தான். ஓஆர்எஸ் பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து. பாட்டில் குளிர்பானத்தை நம்பாதீர்கள். புதிதாக வேலைக்கு வருகிறவனையும் லீவு முடிந்து வருகிறவனையும் முதல் நாளே முழு வேலையில் இறக்காதீர்கள், உடம்பு சூட்டுக்குப் பழக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், சாவுகள் பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். பிரஷர், இதயம், மனநலம், எதற்கு மாத்திரை சாப்பிட்டாலும் கோடைக்கு முன் டாக்டரிடம் வெயிலில் வேலை என்று சொல்லுங்கள். சில மாத்திரைகள் நீரை இறக்கும், சில வியர்வையைத் தடுக்கும். தானாக நிறுத்திவிடக் கூடாது.

அளத்துக்காரி:

அக்கா, இதை அப்படியே அச்சடித்து அளத்துக் கொட்டகையில் ஒட்டப்போகிறேன். அம்மாவையும் அவரோடு வேலை செய்கிறவர்களையும் பரிசோதனைக்கு அழைத்துப்போகலாம் என்று இருக்கிறோம். என்ன டெஸ்ட் என்று கேட்க வேண்டும்?

வார்டுசெவிலி:

இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையம் வழியாகவே பார்க்கலாம். கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று வந்துவிடாதீர்கள், மெலிந்த உடம்புக்காரப் பெண்களுக்கு அந்த எண் குறைவாகவே காட்டும். வயது சேர்த்து வடிகட்டும் திறன் எவ்வளவு என்று கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். வெயில் உச்சத்தில் ஒருமுறை, மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது ஒருமுறை எடுங்கள். கோடையில் மட்டும் ஏறி, மழையில் இறங்கினால் இன்னும் காப்பாற்றலாம். மூன்று மாதம் கழித்தும் இறங்காவிட்டால் மாவட்ட மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவுக்கு எழுதி வாங்குங்கள். சீட்டில் "உப்பளத் தொழிலாளி" என்று வேலையை எழுதச் சொல்லி நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வன்னிமைந்தன்:

அத்தோடு அவர்கள் குடிக்கிற தண்ணீரையும் ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு போய்ச் சோதியுங்கள் தங்கச்சி. நாங்கள் அதைப் பிந்தித்தான் செய்தோம்.